பூபெல்லும் மூணு தொட்டியும்

பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு 'பூபெல்'னு பேர். அது ஒரு மனுஷனோட பேருங்க.

யூஜின் பூபெல், பாரிஸ் நகர நிர்வாகத்தைக் கவனிச்ச உயர் அதிகாரி. அதுவரை வீட்டுக் குப்பை தெருவுலதான் கிடக்கும். 1884ல் உத்தரவு போட்டார்: ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் மூடி போட்ட தொட்டி வைக்கணும். அதுவும் மூணு. அழுகுறதுக்கு ஒண்ணு, காகிதம் துணிக்கு ஒண்ணு, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒண்ணு. (ஆமா, சிப்பி ஓடு. அவ்வளவு சாப்பிட்டிருக்காங்க!)

வீட்டுக்காரங்களுக்குச் செலவுனு கோபம். தெருக்குப்பையில் கந்தல் பொறுக்கிப் பிழைச்சவங்க, சோத்துக்கு வழி போயிடுமேனு எதிர்த்தாங்க. அவங்க பக்கம் நியாயம் இருந்துச்சு. தொட்டி நிலைச்சுது, பிரிச்சுப் போடுறது அன்னைக்கு நிலைக்கல.

நம்ம நாட்டுல 2016 திடக்கழிவு விதிகளும் மூணாத்தான் பிரிக்கச் சொன்னது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. மூணாவதை யாரும் கண்டுக்கிறதில்ல. காலாவதியான மாத்திரை, பேட்டரி, முக்கியமா இன்சுலின் ஊசி.

குப்பை பிரிக்கும்போது ஊசி குத்திடுச்சுனு கையைப் பிடிச்சுட்டு வர்ற தூய்மைப் பணியாளர்கிட்ட, "யார் போட்ட ஊசி?"னு கேட்டா அவருக்கு எப்படித் தெரியும்? ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் எடுக்கணும். தேவைப்பட்டா 28 நாள் மாத்திரை. அப்புறம் அடுத்த டெஸ்ட் வரைக்கும் அவரும் வீட்டுல இருக்கறவங்களும் பயந்துட்டே இருக்கணும்.

உங்க வீட்டுல இன்சுலின் போடுறவங்க இருந்தா, ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போடுங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் இறுக்கி மூடி, மேல 'ஊசி'னு பெருசா எழுதி, வண்டி வரும்போது சொல்லித் தனியா கையில கொடுங்க.