பூஜை அறைப் படமும் கிரீம்ஸ் ரோடு கண்காட்சியும்



பெசன்ட் நகரில் 29சி பஸ் ஏறி ஜெமினியில் இறங்கினால், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி பக்கம்தான். அங்கே அவ்வப்போது அச்சு ஓவியக் கண்காட்சி வைப்பார்கள். வாருங்கள் என்று கூப்பிட்டால், "பிரிண்ட்தானே சார், அசல் இல்லையே" என்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்.

நம் ஊரின் அச்சுப் படங்களை முதலில் பெரிய அளவில் செய்து விற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் என்ற இரு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தென்னாட்டைச் சுற்றி மதுரை, திருச்சி, மாமல்லபுரம் எல்லாம் வரைந்தார்கள். இந்தியா முழுதும் வரைந்தவற்றிலிருந்து 144 படங்களைச் செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து, 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்டார்கள். கோயில் நம்முடையது, படத்தை வாங்கி மாட்டியவர்கள் அங்குள்ள சீமான்கள்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியின் வேர் அதுதான். செதுக்கி அச்சிடும் வித்தை நம் பிள்ளைகள் கைக்கு வந்தது.

அடுத்த மாற்றம் பெரியது. ரவி வர்மாவின் படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவ ராவ். 1894இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறி வீடுவீடாக வந்தார்கள். ஆலயப் பிரவேசம் திருவிதாங்கூரில் நடந்தது 1936இல். மதுரை மீனாட்சி கோயிலில் 1939இல். கோயில் வாசல் திறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளே விடப்படாதவர் வீட்டுச் சுவருக்கும் சாமி வர வழி பிறந்தது. அந்தக் காகிதத்தைப் "பிரிண்ட்தானே" என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டைய ராஜு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். அவை சிவகாசியில் காலண்டராகி, மளிகைக் கடை வழியாக நம் வீட்டுக்கு இலவசமாகவே வந்தன.

கண்காட்சியில் காண்பது இதே மரபின் இன்னொரு கிளை. இங்கே ஓவியரே தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ வேலை செய்து, மை பூசி, அழுத்தி எடுக்கிறார். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் இதில் பெயர் பெற்றவர். படத்தின் அடியில் பென்சிலால் 5/20 என்று இருந்தால், எடுத்தவை 20, இது ஐந்தாவது என்று பொருள். இருபதும் அசலே. ஒன்றே ஒன்றான ஓவியத்தைவிட விலை பெரும்பாலும் குறைவு என்பதால், சம்பளக்காரரும் ஒன்று வாங்கலாம்.

பேரப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு அழுந்திய விளிம்புத் தடம் காகிதத்திலேயே தெரியும்.

இன்னொன்று. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, கறை படிந்த பழைய சாமி படத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி, அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அது உங்கள் குடும்பத்தின் வரலாறும்கூட.