தொலைவிலிருந்து கணக்குக் கற்பித்த வரலாறு

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர் ஓர் இல்லத்திலும் மாணாக்கர் தத்தம் இல்லங்களிலும் இருந்துகொண்டு இணையவழியே கணிதம் பயின்ற காட்சியை அப்போது நாம் கண்டோம். இது முன்னோர் அறியாத புதுமை என்று பலரும் எண்ணினர். கருவி புதிது என்பது மெய்யே. ஆனால், அருகில் இல்லாத மாணாக்கனுக்குக் கணக்கைக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் வினா புதிதன்று. அதற்கு விடை தேடிய இரண்டு முயற்சிகளை இங்கே நினைவுகூர்வோம்.

முதல் முயற்சி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பாட்ரிக் சப்பீஸ் (1922–2014), ரிச்சர்டு அட்கின்சன் என்னும் உளநூல் அறிஞருடன் கூடி, கணிப்பொறியின் துணைகொண்டு கற்பிக்கும் ஆய்வை 1963-இல் தொடங்கினார். 1965-இல், அயலூர்ப் பள்ளி ஒன்றில் வைத்த தட்டச்சுப் பொறி, பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியோடு தொலைபேசிக் கம்பி வழியே இணைக்கப்பட்டது. நான்காம் வகுப்புச் சிறுவர்கள் அதன்முன் அமர்ந்தனர். பொறி ஒரு கணக்கை அச்சிடும். சிறுவன் விடையைத் தட்டுவான். விடை பிழையாயின், அக்கணமே அதனை அறிவித்து, மீண்டும் முயலுமாறு பணிக்கும். இம்முறை வளர்ந்தபோது, ஒரு நாளைய விடைகளை நோக்கி மறுநாளைய பயிற்சி எளிதாகவோ கடினமாகவோ அமைக்கப்பட்டது.

கணிப்பொறிக்கும் கம்பிக்கும் வழியில்லாத ஊர்களில் என் செய்வது? அதே ஸ்டான்போர்டு அறிஞர் குழு 1974-இல் நடு அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டுக்குச் சென்றது. மசாயா நகரை நடுவிடமாகக் கொண்டு, தொடக்கப் பள்ளிகளுக்கு வானொலி வாயிலாகக் கணிதம் கற்பிக்கும் திட்டம் அங்கே உருவாயிற்று. இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. வானொலி பேசும், ஆனால், கேளாது. பிள்ளையின் விடை அதன் செவிக்கு எட்டாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளியது. வானொலிக் குரல், "மூன்றும் இரண்டும் எத்தனை?" என்பது போன்ற ஒரு வினாவை எழுப்பும், பின்னர்ச் சில நொடிகள் மௌனம் காக்கும். அந்த இடைவெளியில் வகுப்பு முழுவதும் விடை கூறும். அதன்பின் சரியான விடையை வானொலியே சொல்லும். ஒலிபரப்பு முடிந்தபின் வகுப்பாசிரியர் பயிற்சியைத் தொடர்ந்து நடத்துவார். இங்ஙனம் பயின்ற வகுப்புகள் ஏனைய வகுப்புகளைவிடத் தேர்வுகளில் மேம்பட்டு நின்றன. இம்முறை பிற்காலத்தில் பொலிவியாவில் கணிதத்துக்கும், கென்யாவில் ஆங்கிலத்துக்கும் பயன்பட்டது.

நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தோர்க்கு இக்காட்சி முற்றிலும் அயலானதன்று. முந்திரி என்பது 1/320, காணி என்பது 1/80, மா என்பது 1/20 என்று எண்சுவடி வாய்பாடுகளை நம் முன்னோர் கூடியிருந்து உரக்கச் சொல்லியே பயின்றனர். வாய் மூடி இருக்க எந்தப் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. எனினும் இதில் ஒரு குறை உண்டு. பலரோடு சேர்ந்து ஒலிக்கும் பிள்ளை உண்மையாகவே அறிந்திருக்கிறானா என்பது, அவனைத் தனியே நிறுத்திக் கேட்டாலன்றிப் புலனாகாது. நிகராகுவாவின் வானொலிப் பாடத்துக்குப் பின்னும் ஆசிரியர் தேவைப்பட்டது இதனாலேயே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கணிதம் கேட்டு அறியும் கலையன்று. செய்து அறியும் கலை. தட்டச்சுப் பொறி பிள்ளையை விடை எழுதச் செய்தது. வானொலி அவனை விடை சொல்லச் செய்தது. இன்றைய இணைய வகுப்பிலோ, பிள்ளையின் ஒலிவாங்கி அடைக்கப்பட்டிருக்க, ஆசிரியர் திரையில் கணக்கை முடிக்க, பிள்ளை அதனைப் படியெடுத்துக்கொள்வது உண்டு. முகம் காட்டவும் குரல் கேட்கவும் வல்ல கருவி கையிலிருந்தும், கேளாத வானொலி செய்ததைக்கூட நாம் செய்யாது விடுவது இழப்பேயாகும். ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் சற்றே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையைத் தாளில் எழுதித் திரைக்குக் காட்ட வேண்டும். பிழை நேர்ந்த இடத்தில், அது எவ்வாறு நேர்ந்தது என்று வினவ வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கடமை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் கணக்கைப் பயிலும் மொழி ஆங்கிலமாகவோ இந்தியாகவோ மராத்தியாகவோ இருக்கலாம். வகுப்பு முடிந்து திரை அணைந்தபின், பெற்றோர் அருகில் அமர்ந்து, "இந்த விடை எப்படி வந்தது? எனக்குச் சொல்" என்று தமிழில் கேட்கலாம். இதற்குக் கணிதப் புலமை வேண்டியதில்லை. கேட்டுவிட்டுப் பிள்ளை வாய் திறக்கும்வரை காத்திருக்கும் பொறுமை ஒன்றே போதும். வேற்றுமொழியில் கற்றதைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்லும் பிள்ளை, கணக்கையும் காத்துக்கொள்கிறான், தமிழையும் காத்துக்கொள்கிறான்.