பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் எதற்கு முதலில் செலவிட வேண்டும்? ஆவணம் முதல் சைலன்சர் வரை முழு விளக்கம்

புதுதில்லி: பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிளைக் குறைந்த விலைக்கு வாங்கும் பலர், கையோடு பெயின்ட், இருக்கை உறை, எல்இடி விளக்கு ஆகியவற்றுக்குச் செலவிடத் தொடங்கிவிடுகின்றனர். ஆனால் பழைய வாகனத்துக்கான செலவில் ஒரு வரிசை உண்டு: முதலில் ஆவணம், அடுத்து பிரேக்கும் டயரும், பின்னர் எஞ்சின், கடைசியில்தான் மேம்பாடு. இந்த வரிசை தவறினால் பணம் வீணாவதோடு, விபத்து நேரும்போது சட்டச் சிக்கலுக்கும் ஆளாக நேரிடும்.

பெயர் மாற்றம் ஏன் அவசியம்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, வாகனம் ஒரே மாநிலத்துக்குள் கைமாறினால் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. கடனில் வாங்கப்பட்ட வாகனம் என்றால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும் கேட்டுப் பெற வேண்டும். வேறு மாநில வாகனத்துக்குப் படிவம் 28 வாயிலான தடையில்லாச் சான்று அவசியம்.

வண்டி பலரிடம் கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் மாற்றப்படாத வரை, விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றத்தில் வாங்குபவரைக் காட்டிலும் விற்பவருக்கே அக்கறை அதிகம் இருக்க வேண்டும். காப்பீட்டைத் தமது பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.300-லிருந்து ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆக நிர்ணயிக்கப்பட்டது. தில்லி உள்ளிட்ட தேசியத் தலைநகர்ப் பகுதியில், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் தொடர்பான நீதிமன்ற உத்தரவுகள் அவ்வப்போது மாறியுள்ளன. அங்கு வாங்குவோர் நடப்பு நிலையை உறுதி செய்துகொள்வது நல்லது.

பிரேக், டயர்

125 சிசி-க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ், அதற்குட்பட்டவற்றுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் பிரேக் வசதி 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இவை கிடையாது. எனவே அவற்றைப் பாதுகாப்பாக நிறுத்துவது பிரேக்கின் பராமரிப்பையும் ஓட்டுநரின் கவனத்தையும் மட்டுமே சார்ந்தது.

டிரம் பிரேக் என்றால் பிரேக் ஷூவின் தேய்மானத்தையும் கேபிளையும் சரிபார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுடன் பிரேக் ஆயிலையும் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறைந்து, தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் தளரும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான நடைமுறை.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும், ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகி, ஈரச் சாலையில் வழுக்கும்.

எஞ்சின், எரிபொருள்

மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குகிறது. காருக்கான ஆயிலில் உள்ள உராய்வு குறைக்கும் பொருள்களால் கிளட்ச் வழுக்கக்கூடும். அதனால் ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற தரக்குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சீராக உள்ளது. கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. வெளுத்திருந்தால் போதிய அளவு செல்லவில்லை. எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் நீலப் புகை வந்தால், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். விலை பேசும் முன் கவனிக்க வேண்டிய அறிகுறி இது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய வண்டிகளில் பயன்படுத்தும்போது கூடுதல் கவனம் தேவை. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நீண்ட நாள் நிறுத்திவைக்கும் வண்டியில் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

எந்த மாற்றங்கள் செய்யலாம்?

தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட அதே அளவில் தரமான டயர், பராமரிப்பு தேவையற்ற பேட்டரி, புதிய செயின் ஸ்ப்ராக்கெட், தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கு மாற்று ஆகியவை பயன் தரும் மேம்பாடுகள். எல்இடி முகப்பு விளக்கில் எச்சரிக்கை தேவை. பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு, பேட்டரியிலிருந்து அல்லாமல், எஞ்சின் சுழற்சியால் உருவாகும் ஏசி மின்சாரத்தில் நேரடியாக இயங்குகிறது. உரிய மாற்றமின்றி எல்இடி பொருத்தினால் விளக்கு மினுக்கும். எதிரே வருவோரின் கண்ணும் கூசும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைப்பதைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மீறினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எஞ்சினை மாற்றுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். அதிக ஒலி எழுப்பும் சைலன்சருக்கு ரூ.10,000 வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எப்போது நிறுத்த வேண்டும்?

சேஸிஸில் விரிசல் அல்லது ஆழ்ந்த துரு இருந்தாலோ, சேஸிஸ் எண் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ அந்த வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. பழுது நீக்கும் செலவு வண்டியின் சந்தை மதிப்பை எட்டும்போதும் மறுபரிசீலனை அவசியம்.

பயன்பாட்டுக்கு உதவாத வண்டியைப் பழைய இரும்புக் கடையில் போடுவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழைப் பெற்று, பதிவை ரத்து செய்ய வேண்டும். அதுவரை பதிவேட்டில் அந்த வண்டி உரிமையாளரின் பெயரிலேயே நீடிக்கும்.