முதியோர் அறிதிறனில் கல்வியும் இனமும்: மவுண்ட் ரோஸ்கில்

முதியோரின் நினைவாற்றல், கவனம், மொழி, கணக்கு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அளக்கும் தேர்வுகள் மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளன. அவற்றில் கிடைக்கும் மதிப்பெண்ணில் நோய் மட்டுமல்ல, பள்ளிப்படிப்பும் தாய்மொழியும் கலந்தே இருக்கின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள மவுண்ட் ரோஸ்கில் இதைக் கண்முன் காட்டும் இடம். புகெட்டாபாபா எரிமலைக் குன்றைச் சுற்றிய இப்புறநகரில் ஐரோப்பிய வழியினர், மாவோரி, பசிபிக் தீவினர், சீனர், இந்தியர், இலங்கைத் தமிழர், பிஜி இந்தியர் அண்டை அயலாக வாழ்கின்றனர்.

பிஜி இந்தியரின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1903 முதல் சென்னையிலிருந்து கிர்மிட் எனப்பட்ட கூலி ஒப்பந்தத்தில் பிஜிக்குக் கப்பலேறியோரின் பிள்ளைகளுக்குக் கரும்புத் தோட்டத்தில் பள்ளி எளிதில் வாய்க்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அரிது. 1926இல் தோன்றிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளை எழுப்பியது. 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் பலர் நியூசிலாந்துக்குப் பெயர்ந்தனர். ஆகவே ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் சென்னையில் பட்டம் பெற்றவரும், பிஜியில் மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டியும் அடங்குகிறார்கள். இனவேறுபாடாகத் தோன்றுவதில் பெரும்பங்கு படித்த ஆண்டுகள், மொழி, வறுமை, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் வேறுபாடே.

1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்னும் அறிதிறன் தேர்வு, இப்போது என்ன பருவம் என்று கேட்கிறது. தை மாதம் நமக்குப் பனிக்காலம், ஆக்லாந்தில் கோடை. 2005இல் வெளியான மோக்கா தேர்வில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். பென்சில் பிடித்துப் பழகாத கைக்கு அது ஈடாகாது. சிட்னியில் உருவாகி 2004இல் வெளியான ரூடாஸ் தேர்வோ தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று கடைச்சாமான்களை நினைவில் வைக்கச் சொல்கிறது. இது எவ்வளவோ நியாயமானது.

கல்விக் குறைவு மறதிநோய்க்கான அபாயத்தை உண்மையிலேயே கூட்டுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் பள்ளி மட்டுமே மூளைக்குப் பயிற்சியல்ல. ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியோரைவிடப் பல மொழி பேசியோருக்கு மறதிநோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது.

1998இல் கொச்சியில் உருவான 10/66 என்ற மறதிநோய் ஆய்வுக்குழு, முதியவரைச் சோதிப்பதோடு அவரை நன்கறிந்த வீட்டாரிடமும் விசாரிக்கும் முறையை வகுத்தது. சென்னையிலும் வேலூரிலும் பயன்பட்ட அம்முறையை ஆக்லாந்து ஆய்வாளர்களும் தங்கள் சூழலில் சோதித்துள்ளனர். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டுவது தவறு. முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா என்பதே முதன்மையான கேள்வி. நியூசிலாந்தின் 1996ஆம் ஆண்டு நோயாளர் உரிமை விதிகளின்படி, தேவையும் நடைமுறைச் சாத்தியமும் உள்ள இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெற முதியவருக்கு உரிமை உண்டு.