சங்குத் தபால்தலைக்கு என்ன விலை?

பரணில் பழைய தபால்தலை ஆல்பம் ஒன்று அகப்பட்டால், 'இதை விற்றால் எவ்வளவு தேறும்?' என்பதே முதலில் எழும் கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் இக்கேள்விக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. கூடலூரைக் கடந்து மலையேறினால் குமுளி. போடியிலிருந்து ஏறினால் ஏலமலை. அன்று இரண்டுமே திருவிதாங்கூர். மலைக்கு இப்பால் பிரிட்டிஷ் இந்தியாவின் தபால். அப்பால் சமஸ்தானத்தின் சொந்த 'அஞ்சல்'.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்கான குத்தகை 1886-இல் கையெழுத்தாயிற்று. இரண்டாண்டுகள் கழித்து, 1888-இல், சங்குச் சின்னம் பொறித்த முதல் தபால்தலைகளைத் திருவிதாங்கூர் வெளியிட்டது. விலை காசிலும் சக்கரத்திலும் குறிக்கப்பட்டது. 16 காசு ஒரு சக்கரம். சமஸ்தான எல்லைக்குள் மட்டுமே அவை செல்லுபடியாகும். 1951-இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது.

மறைந்துபோன அரசின் தபால்தலை என்பதால் பெருவிலை பெறும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. சங்கு வடிவம் பல பத்தாண்டுகள் நீடித்தது, அச்சானவையும் ஏராளம். ஆகவே சாதாரணச் சங்குத் தலைகள் இன்றும் மலிவே. மாறாக, 1948-இன் பத்து ரூபாய் காந்தி தபால்தலையில், கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்கென 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை நூறு மட்டுமே. அவற்றுள் நான்கு சேர்ந்த துண்டு ஒன்று 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. அருமையும் அதை நாடுவோரின் போட்டியுமே தீர்மானிக்கின்றன. ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் காணும் விலையும் வணிகர் விற்கும் விலையே. நம்மிடம் அவர் வாங்கும் விலை அதனினும் வெகுவாகக் குறையும்.

ஆல்பக்காரர்கள் பலரும் அறியாமல் இழந்தது வேறொன்று. உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையைப் பிரித்தெடுப்பது பள்ளிப் பிள்ளைகளின் பொதுவழக்கம். ஆனால் மலைத்தோட்டப் பகுதியின் சிறியதோர் அஞ்சல் நிலைய முத்திரை தெளிவாய் விழுந்த முழு உறைக்கு, தனித்த தபால்தலையைவிடப் பன்மடங்கு மதிப்பிருக்கக்கூடும். காரணம் எளிது. தனித்த தலை எந்த அரசு என்பதை மட்டுமே சொல்லும்; உறையோ எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், யாருக்கு என்பதையும் சொல்லும்.

ஏலத்தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் நடமாட்டத்துக்கு அத்தகைய உறைகளே சான்றாகும். ஆதலால், ஆல்பத்தை விலை பேசுமுன் அதே பெட்டியில் கட்டிக்கிடக்கும் கடிதங்களைப் பாருங்கள். அவற்றிலுள்ள தபால்தலைகளைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.