வடாலா மாடங்களில் எலுமிச்சைப்புல்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயை அடுத்து 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு அமைப்பான பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், நெரிசல் மிகுந்த தென்பகுதி மக்களை வடக்கே குடியேற்ற எண்ணித் தாதர், மாட்டுங்கா, வடாலா நிலங்களை மனைகளாக வகுத்தது. அங்கு எழுந்த குடியிருப்புகளுக்கு எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர்கள், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவாகும் அளவுக்குப் பெருகினர். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் கேலரி எனப்படும் வெளிமாடத்தில் துளசியோடு வளர்க்கும் எலுமிச்சைப்புல், மராத்தியர் ‘கவதி சஹா’ என்றழைக்கும் தேநீர்ப்புல்லே ஆகும்.

தென்னாட்டில் இவ்வகைப் புல் அறியப்படாததன்று. கேரள மலைச்சரிவுகளில் இதன் உறவினமான இஞ்சிப்புல்லைக் காய்ச்சி வடித்த எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது. அதன் எலுமிச்சை மணத்துக்குக் காரணமான சிட்ரால் என்னும் பொருளிலிருந்து, வயலெட் பூவின் மணமுடைய அயோனோனை 1893இல் வேதியியலாளர்களான டீமானும் குரூகரும் உருவாக்கியபின் அவ்வெண்ணெய்க்கு ஐரோப்பிய வாசனைத் தொழிலில் மதிப்பு கூடியது. கேரளத்தின் ஓடக்காலியில் 1951இல் இதற்கென ஆய்வு நிலையமே அமைந்தது. எனினும் இவையெல்லாம் எண்ணெய் வணிகத்தின் வரலாறு. அடுப்படிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

தென்னாட்டு அடுப்படியில் இப்புல் அதிகம் இடம்பெறாததற்குக் காரணம் காப்பி என்றே கருதத் தோன்றுகிறது. ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி இறக்கும் டிகாஷனில் கொதிக்கவைக்க வேண்டிய இலைக்கு இடமில்லை. தேயிலைத் தூளோடு நீரையும் பாலையும் கொதிக்கவிடும் பம்பாய்த் தேநீரிலோ, இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு இலைகளை மடித்து முடிச்சிட்டு இட்டால் போதும். காலையில் காப்பி, மாலையில் தேநீர் என்று பழகிய வீடுகளுக்குள் புல் நுழைந்தது இவ்வழியில்தான் எனலாம்.

மாடத்துப் புல்லும் இஞ்சிப்புல்லும் ஒரே இனமல்ல. தாவரவியலாளர் ஆட்டோ ஸ்டாப்ஃப் 1906இல் கியூ தாவரவியல் தோட்ட வெளியீட்டில் வாசனைப் புற்களை வகைப்படுத்தினார். இஞ்சிப்புல் விதையால் பெருகுவது. தொட்டியில் வளரும் வகையோ அரிதாகவே பூப்பதால் தூர் பிரித்துத்தான் பரவ வேண்டும். ஆகவே வடாலாவின் ஒவ்வொரு தூரும் யாரோ ஒருவர் பிரித்துக் கொடுத்ததாகவோ, சந்தையில் வாங்கிய கட்டில் வேர்க்குருத்து எஞ்சியிருந்த தண்டை நீரில் வைத்து முளைக்கச் செய்ததாகவோதான் இருக்க முடியும். வளர்ப்பு எளிது: நல்ல வெயில், நீர் தேங்காத மண், தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கத்தரித்தல் போதும். இலையின் ஓரம் விரலைக் கிழிக்கும் என்பதால் கையால் இழுத்துப் பறிப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் வேர் தொட்டியை நிரப்பி நடுத்தூர் காய்ந்துவிடுவதால், ஜூன் மழை தொடங்கியதும் பிரித்து நடுகின்றனர்; மிஞ்சிய தூர்கள் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன.