முசிறியில் காசு கொடுத்த கக்கூஸ்

பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்துல நாமதான் காசு கொடுத்துட்டுப் போவோம். திருச்சி மாவட்டம் முசிறி, சாலியர் தெருவுல ஒரு பொதுக் கழிப்பிடம் இருந்தது. அங்க போறவங்களுக்கு காசு கொடுத்தாங்க. ஒரு தடவைக்கு 10 காசு. நம்ப முடியாது, ஆனா நடந்தது.

முசிறி காவிரிக் கரை ஊர். ஆத்தோர ஊர்கள்ல கொஞ்சம் தோண்டினாலே ஊத்து வந்துடும். வெள்ளாமைக்கு நல்லது. கக்கூஸ் குழிக்கு ஆகாது. குழியில இருக்கறது நிலத்தடித் தண்ணியில கலந்து, அடி பம்புல திரும்ப நம்மகிட்டயே வரும். வயித்துப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படிப் பரவுறதுதான். வீட்டுல இடமில்லாத ஜனங்க வெளியிலதான் ஒதுங்கணும். பொம்பளைங்க பாடு சொல்ல வேண்டாம். பொழுது சாயற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும்.

2000-களின் நடுவில், ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன் அங்க வேற மாதிரி கட்டினார். மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்குத் தனி வழி, கால் கழுவ வேற இடம். மலம் விழற தொட்டி தரைக்கு மேல இருக்கும். போனதும் ஒரு கை சாம்பல் போடணும், தண்ணி படவே கூடாது. ஒரு தொட்டி நிறைஞ்சா மூடிட்டு அடுத்ததுக்கு மாறுவாங்க. மூடினது மாசக்கணக்குல காய்ஞ்சு எருவாயிடும். சிறுநீரைத் தண்ணி கலந்து வாழைக்கு விட்டுப் பார்த்தாங்க. தழைச்சத்து அதுலதான் அதிகம். நாங்க மூட்டையில வாங்கிப் போடற யூரியாவும் சிறுநீர்ல இருக்கற யூரியாவும் ஒண்ணுதான். பயிருக்கு வித்தியாசம் தெரியாது. 10 காசு கொடுத்ததுக்கு அதுதான் காரணம்.

மலம் எருவாகறது நமக்குப் புதுசு இல்லை. நகராட்சிக் கம்போஸ்ட் வண்டி வண்டியா வயலுக்கு வந்த காலம் உண்டு. அது வந்த வழிதான் கொடுமை. எடுப்பு கக்கூஸ் இருந்த தெருக்கள்ல, அதுக்குன்னு ஒதுக்கி வெச்ச சாதிக்காரங்க, பெரும்பாலும் பெண்கள், பச்சையா அள்ளி, கூடையிலயும் வாளியிலயும் சுமந்தாங்க. 1993-லதான் இதைத் தடை செய்ய மத்திய சட்டம் வந்தது. 2013-ல இன்னொரு சட்டம். செப்டிக் டேங்குல ஆள் இறங்கிச் சாகறது இன்னும் நிக்கலை.

முசிறித் தொட்டியிலயும் ஒரு ஆள்தான் எருவை அள்ளணும். ஆனா அப்ப அது காய்ஞ்ச மண்ணு. எனக்கு இந்த வித்தியாசம்தான் பெருசு, 10 காசு இல்லை.

2021-ல சுப்புராமனுக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நல்லது. ஆனா இந்த மாதிரி கக்கூஸைக் கட்டி விட்டுட்டுப் போயிட முடியாது. புதுசா வந்த ஒருத்தர் தப்பான துளையில ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா போதும், தொட்டி நாறிடும். பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் வேணும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கறவங்க இதுக்கு ஒதுக்கறதில்லை. எங்க பக்கத்துல இலவசமாக் கட்டிக் கொடுத்த கக்கூஸ்ல பாதியில இப்ப விறகுதான் அடுக்கியிருக்கு.